தீர்வையில்லாத துணி தேடி

ராஜபாளையத்தில் நான் பிழையான பேருந்தில் ஏறிவிட்டேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடத்துநர் என்னிடம் வந்து சேர்ந்தபோது சிவகிரி தாண்டியிருந்தது. சங்கரன்கோவில் ஒன்று என்று காசை நீட்டினேன். அவர் காசை வாங்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"எம்மா, இது தென்காசி வண்டில்லா. ஏறும்போதே கேக்காண்டாமா?"

அதற்குப் பிறகு என் விஷயத்தை முழுப் பேருந்தும் எடுத்துக்கொண்டது. வாசுதேவநல்லூரில் இறங்கினால் போதும் என்றார் ஒருவர். இல்லை, புளியங்குடிதான் வசதி என்றார் இன்னொருவர். மடியில் கீரைக்கட்டு வைத்திருந்த ஓர் அம்மா என் பேச்சை வைத்து நான் இலங்கை என்று கண்டுபிடித்து, இவ்வளவு தூரம் கடல் தாண்டி வரத் தெரிந்தவளுக்குப் பேருந்தின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியவில்லையா என்று கேட்டார். நான் உடனே, கூட்டத்தில் நெற்றியெங்கே தெரிந்தது, முதுகுதான் தெரிந்தது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வாசுதேவநல்லூரில் நடத்துநர் தானும் இறங்கி, எதிரே புறப்படவிருந்த பேருந்தைக் கைதட்டி நிறுத்தி, என்னை ஏற்றிவிட்டுத்தான் விசில் ஊதினார்.

இந்தப் பயணத்தின் முதல் பொறாமை அந்த இடத்தில் வந்தது. நான் வவுனியாக்காரி. வேலை கொழும்புக்குப் பக்கத்துத் தொழில் வலயம் ஒன்றில். அங்கே பேருந்தில் யாராவது சிங்களத்தில் ஏசினால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். ஆனால் பதில் மட்டும் நான் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் வாய்க்கு வரும். இங்கே ஏச்சு வாங்கிய கையோடு திருப்பிச் சொல்ல முடிந்தது. இது இந்த மனிதர்களுக்கு ஒவ்வொரு நாளும் கிடைக்கிறது, கிடைப்பது தெரியாமலே கிடைக்கிறது என்று யன்னலோரம் இருந்து நினைத்துக்கொண்டேன்.

நான் வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். ஆடைத் தொழிற்சாலையில் என் வேலை இரண்டு வகை. வெளிநாட்டிலிருந்து சோதிக்க வருகிறவர்களுக்கு எங்கள் தொழிற்சாலை ஒழுங்காக நடக்கிறதென்று காட்டுவது ஒன்று. எங்களுக்குத் துணி தருகிற இடங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று போய்ப் பார்ப்பது மற்றது. எங்கள் நாட்டில் தைக்கும் உடுப்பு ஐரோப்பாவுக்குத் தீர்வை என்னும் இறக்குமதி வரி இல்லாமல் போகிறது. அந்தச் சலுகைக்கு நிபந்தனை உண்டு. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, ஊழலில்லாத நிர்வாகம் என்று நீளும் உலக உடன்படிக்கைகளை எங்கள் அரசு மதித்து நடக்க வேண்டும். நடக்கிறதா என்று அவர்கள் இடைக்கிடை வந்து பார்ப்பார்கள். ஒருமுறை நடக்கவில்லை என்று சலுகையை நிறுத்தியும் விட்டார்கள். பிறகு திரும்பக் கிடைத்தது. துணிக்கும் ஒரு விதி உண்டு. எங்கள் நாட்டிலோ இந்தியா போன்ற அயல்நாட்டிலோ நெய்த துணியாக இருக்க வேண்டும். தூர தேசத்துத் துணியென்றால் சலுகை இல்லை.

சங்கரன்கோவிலில் பரமசிவம் என்பவரின் விசைத்தறிக் கூடத்தில் பருத்தித் துணி வாங்க எங்கள் நிறுவனம் எண்ணியிருந்தது. துணி உண்மையில் அங்கேதான் நெய்யப்படுகிறதா, நெய்கிறவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பார்த்து எழுதுவதற்காக என்னை அனுப்பினார்கள்.

பரமசிவம் அண்ணாச்சி பேருந்து நிலையத்துக்கே வந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் இரண்டு கைப்பேசிகள். பிரியாணி சாப்பிடாமல் இந்த ஊரில் எந்தப் பேச்சும் தொடங்காது என்று ஒரு கடைக்கு நேராக அழைத்துப் போனார். அவர் சைவம். எனக்கு எதிரே காப்பியை வைத்துக்கொண்டு நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொடி அரிசி, எலும்போடு இளம் ஆட்டுக்கறி, காரம் நெஞ்சில் நிற்காமல் நாக்கிலேயே நின்றுவிடுகிறது. எங்கள் தொழில் வலயத்துக் கடைகளில் இதே பெயரில் மஞ்சள் சோறு ஒன்று விற்கிறார்கள். அதை இனி எப்படி விழுங்குவது என்று கவலையாக இருந்தது.

கூடத்தை இன்றே பார்க்கலாமா என்று கேட்டேன். கரண்ட் இல்லை, தறி ஓடவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அப்போது எங்கள் தலைக்கு மேல் மின்விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு இருவரும் காரத்தைப் பற்றிப் பேசினோம்.

மறுநாள் காலை கோவிலுக்குப் போனேன். தம்பிக்காகக் கோமதி அம்மனிடம் கேள் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். கேட்டேன். வெளியே வந்து தேநீர்க் கடையில் நின்றபோதுதான் ஊரின் அமைதிக்குக் காரணம் தெரிந்தது. தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர், தறிச் சத்தம் இல்லாமல் தனக்கே இரண்டு வாரமாகத் தூக்கம் சரியில்லை என்றார். கூலி ஒப்பந்தம் முடிந்துவிட்டது. புது ஒப்பந்தம் போடவில்லை. ஊர்த் தறித் தொழிலாளிகள் எல்லோரும் வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை இது நடப்பதுதானாம். தறி நிற்கும், முதலாளிகளும் தொழிலாளிகளும் அரசு அதிகாரி முன்னால் உட்காருவார்கள், கத்துவார்கள், எழும்பிப் போவார்கள், திரும்ப உட்காருவார்கள், கடைசியில் கையெழுத்தாகும். மழை வருவதைப் பற்றிச் சொல்வது போல அவர் அதைச் சொன்னார். வேலைநிறுத்தக்காரர்களின் பந்தல் எங்கே இருக்கிறதென்று கரண்டியால் காட்டினார்.

பந்தலில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் இருந்தார்கள். நான் போனபோது ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்னும் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எதிரில் ஒரு பெண் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேராக உட்கார்ந்தாள். நாற்பது வயதிருக்கும். தலையில் பூ, தோளில் துண்டு.

"பொறுமைய எங்ககிட்டயே சொல்லுதிய சார். கொஞ்சம் மொதலாளிமார்ட்டயும் போய்ச் சொல்லுங்க. அவுக வீட்லதான் அரிசி இருக்கு, அவுகளால பொறுக்க முடியும்."

அதிகாரி சிரித்துவிட்டு, சரிம்மா, சொல்லுதேன் என்றார். யாரோ இருவருக்கும் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவளுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள்.

அரசாங்க மனிதர் ஒருவருக்கு எதிரே, அதே உயரத்தில், அதே மொழியில், காலை நீட்டி உட்கார்ந்து பேசிய ஒரு பெண்ணைப் பார்த்து எனக்கு எரிந்தது.

அவள் பெயரும் கோமதிதான். அந்த ஊரில் எட்டிக் கூப்பிட்டால் பாதிப்பேர் திரும்புகிற பெயர். பரமசிவத்தின் கூடத்தில் தார் சுற்றும் வேலை. அதாவது தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுப்பது. அவள் தம்பி மாரியப்பன் அதே கூடத்தில் தறி ஓட்டுகிறான். நான் யாரென்று ஒளிக்காமல் சொன்னேன். அவள் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, எங்கள் தொழிற்சாலையில் சங்கம் உண்டா என்று கேட்டாள்.

ஊழியர் பேரவை ஒன்று இருக்கிறது என்றேன். மாதம் ஒருமுறை கூடும். அதற்குக் குறிப்பெழுதுவது நான்.

"தலைவர் யாருக்கா?"

முகாமையாளர், அதாவது மேனேஜர், என்றேன். அவள் பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகத் திரும்பி, இவுகளுக்கு மொதலாளியே சங்கத் தலைவராம் என்றாள். இருவரும் எனக்கு மரியாதை கொடுத்துச் சிரிக்காமல் இருந்தார்கள். அந்த மரியாதைதான் என்னைச் சுட்டது.

சுட்டதைத் தணிக்க நான் மற்றதை எல்லாம் சொல்லத் தொடங்கினேன். எங்களிடம் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வரிசை உண்டு, மணிக்கொருமுறை கழுவுகிறார்கள். நோய் வந்தால் பார்க்கத் தாதி ஒருத்தி இருக்கிறாள். சாப்பாட்டு மண்டபம், தூசுக்கு முகமூடி, தீப்பிடித்தால் ஓடுவதற்குப் பச்சை விளக்கு எரியும் வாசல். இவையெல்லாம் இல்லாவிட்டால் ஐரோப்பாக்காரன் உடுப்பு வாங்கமாட்டான், அரசாங்கமும் சலுகையை இழந்துவிடும் என்று விளக்கினேன். கோமதியின் முகம் மாறியது. அது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும், காலையிலிருந்து என் முகத்திலும் அதுதான் இருந்தது.

"நாங்க வேலைக்குப் போற அன்னைக்குத் தண்ணியே குடிக்க மாட்டோம்க்கா. குடிச்சா போறதுக்கு எடம் வேணும்லா. ஒங்களுக்காவது வெளிநாட்டுக்காரன் வந்து கேக்கான். எங்களுக்கு யாரு கேக்கா?"

அன்று பின்னேரம் அவளே என்னைக் கூடத்துக்கு அழைத்துப் போய் வெளியிலிருந்து காட்டினாள். கதவு பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்தேன். வரிசையாகத் தறிகள், எல்லாவற்றின் மேலும் பஞ்சுத்தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது. பின்பக்கம் ஆண்கள் போகும் ஒரு கழிப்பறை, அதன் கதவில் தாழ்ப்பாள் கழன்று தொங்கியது. பெண்களுக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் அண்ணாச்சி காரோடு வந்தார். மேலநீலிதநல்லூர்ப் பாதையில் ஒரு கிடங்கைக் காட்ட வேண்டும் என்றார். ஊர் தாண்டியதும் காய்ந்த நிலம், நடுவே பச்சையாகக் கொஞ்சம் சோளம், கண்ணுக்கெட்டிய தூரம்வரை காற்றாலைகள் சுற்றின. கிடங்கில் துணிப்பொதிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அங்கே நன்றாகச் சவரம் செய்த, வாசனை பூசிய தரகர் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். ஒரு பொதியைப் பிரித்துக் காட்டினார். நல்ல துணி. எங்கள் அளவும் எங்கள் நெசவும். எங்கே நெய்தது என்று கேட்டேன். எங்கே நெய்தது என்று வேண்டுமோ அங்கே நெய்தது என்றார்.

கொஞ்சம் நேரம் பேசியதும் விஷயம் பிடிபட்டது. துணி கடல் தாண்டி எங்கிருந்தோ வந்து, வடக்கே சாயம் கண்டு, இங்கே வந்திருக்கிறது. பரமசிவத்தின் கூடத்தில் நெய்ததாகச் சான்று வாங்கிவிடலாம், அதற்கு ஆள் இருக்கிறது. தறி ஓடாவிட்டாலும் எங்கள் துணி நாள் தவறாமல் கப்பலேறும். ஒரு தாளால் ஐரோப்பாவில் தீர்வை மிச்சமாகிறது என்றால் அந்தத் தாளுக்கு ஒரு விலை வந்துவிடுகிறது. விலை வந்த பிறகு விற்க ஒருவர் வராமலா இருப்பார். அவர் பேச்சில் கூச்சமே இல்லை. நான் யோசிக்க வேண்டும் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

திரும்பும் வழியில் கார்ச் சக்கரத்தில் காற்றுப் போனது. மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லை. ஓட்டுநர் அதை உருட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் போனார். நானும் அண்ணாச்சியும் ஒரு வேம்பின் கீழ் நின்றோம். மனிதர் அப்போதுதான் மனம்விட்டுப் பேசினார்.

"எம்மா, நான் கெட்டவன் கிடையாது. கூலி கூட்டிக் குடுத்தா வெல ஏறும். வெல ஏறினா ஒங்க கம்பெனி வேற ஊருக்குப் போயிரும். ஒங்க வெள்ளைக்காரன் கக்கூஸ் கேக்கான், சங்கம் கேக்கான், எல்லாம் நல்லதுதான். வெல மட்டும் பழைய வெலைக்கே வேணும்ங்கான். நான் என்ன செய்ய?"

எங்கள் தொழிற்சாலையிலும் இதைத்தான் பேசிக்கொள்கிறோம், ஆனால் சோதனைக்கு வருகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை. மேலநீலிதநல்லூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு டிராக்டர்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். பரமசிவம் அண்ணாச்சி வெள்ளை வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வைக்கோலில் உட்கார்ந்து வந்தார்.

விடுதியில் இருந்து முகாமையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். வேலைநிறுத்தத்தைச் சொன்னேன், கிடங்கைச் சொன்னேன். அவர் சிங்களத்தில் சொன்னதன் பொருள் இதுதான்: தாள் சரியாக இருந்தால் துணியும் சரி, வேலைநிறுத்தம் என்ற சொல்லை எழுதாதே, வாங்குகிறவர்கள் பயந்துவிடுவார்கள். தொழிலாளர் சங்கம் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறதே என்றேன். சங்கம் இருக்கலாம், சத்தம்தான் இருக்கக் கூடாது என்றார்.

நான்காம் நாள் என் மௌனத்துக்குப் பதில் கிடைத்தது. நான் வேண்டாம் என்று சொல்லாததை அண்ணாச்சி சரி என்று எடுத்துக்கொண்டு, பொதிகளைத் தன் கூடத்துக்கு ஏற்றிவர ஒரு லாரியை அனுப்பியிருக்கிறார். வெளித்துணி உள்ளே போகிறது என்று செய்தி பரவி, பந்தலில் இருந்தவர்கள் போய் லாரியை மறித்தார்கள். தள்ளுமுள்ளில் கண்ணாடி உடைந்தது. யார் கல் என்று தெரியவில்லை. காவல்துறை வந்து மாரியப்பனை ஏற்றிக்கொண்டு போனது.

நான் பந்தலுக்குப் போனபோது பெண்கள் எல்லோரும் எழும்பி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். முன்னால் கோமதி. நானும் சேர்ந்து நடந்தேன். ஏன் நடக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. காவல் நிலையத்தின் எதிர்ப்புறம், மூடிய ஒரு கடையின் படிகளில் உட்கார்ந்தோம். கோமதி மட்டும் வாசல்வரை போய், தம்பியை எதற்குக் கூட்டி வந்தார்கள் என்று எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டாள். உள்ளே இருந்தவர் எரிச்சலோடு ஏதோ சொன்னார். அவள் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு வக்கீல் மோட்டார் சைக்கிளில் வந்து உள்ளே போனார்.

நான் என் பையைப் பிடித்துக்கொண்டேன்.

போர் முடிகிற நாட்களில், ஒரு சோதனைச் சாவடியில், அம்மா என் தம்பியைத் தன் கையாலேயே கொண்டுபோய் இராணுவத்திடம் ஒப்படைத்தார். பதிவு செய்துவிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். அவன் திரும்பிப் பார்த்து, சாப்பிட்டுவிட்டு இருங்கள் என்றான். அதற்குப் பிறகு நாங்கள் கேட்காத வாசல் இல்லை. எந்த வாசலிலும் எங்களுக்கு விளங்கும் மொழியில் யாரும் பதில் சொல்லவில்லை. பல வருடம் கழித்து ஒருநாள், வரிச்சலுகையை ஆராய ஐரோப்பாவிலிருந்து வந்த குழு, காணாமற் போனவர்களின் குடும்பங்களைச் சந்திக்க விரும்புகிறது என்று அழைத்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னிடம் தம்பியின் பெயரைக் கேட்டு, எழுத்துக்கூட்டி எழுதி, சரியா என்று காட்டினாள். அதன் பிறகு காணாமற் போனவர்களுக்கென்று ஓர் அலுவலகம் வந்தது. அங்கே இப்போது ஒரு கோப்பில் அவன் இருக்கிறான். என் தம்பியைப் பற்றி எங்களிடம் முதன்முதலில் மரியாதையாகக் கேள்வி கேட்டது ஒரு தீர்வை விதி. அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அதை நினைக்கும்போதெல்லாம் கூசுகிறது. உடுப்பு விற்பதற்காகத்தான் அவனைத் தேடுகிறார்கள். உடுப்பு விற்பது நின்றுபோனால் தேடுவதும் நின்றுபோகும்.

இதைக் கோமதியிடம் அந்தப் படியில் இருந்து சொன்னேன். இவ்வளவு நேராகச் சொல்லவில்லை, அங்குமிங்குமாகச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இங்கேயென்றால் ஆட்கள் வெளியே வந்துவிடுகிறார்கள், நீங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றேன்.

"அப்படி நெனைக்காதிய எக்கா. இங்கனயும் உள்ள போன எல்லாரும் முழுசா வெளிய வரல. அதுனாலதான் இத்தன பேரும் வந்து ஒக்காந்திருக்கோம். ஒத்தையில வந்தா ஒண்ணும் நடக்காது."

வெயில் சாய்ந்தபோது வக்கீலோடு மாரியப்பன் வெளியே வந்தான். சட்டை கசங்கியிருந்தது, வேறொன்றும் ஆகவில்லை. பாதையைக் கடந்து வந்தான். கோமதி எழும்பினாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"ஏலே, செருப்ப எங்கல? போன மாசம்தான வாங்குன?"

உள்ளேயே விட்டுவிட்டதாகச் சொன்னான். போய் எடுத்துட்டு வா என்றாள். அவன் மாட்டேன் என்றான். அவள் திட்டத் தொடங்கினாள். மூளை, பொறுப்பு, அம்மா வயிறு, எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். கடைசியில் வக்கீலே போய்ச் செருப்பை எடுத்து வந்தார்.

நான் திரும்பி, மூடிய கடையின் கதவைப் பார்த்தபடி நின்றேன். அந்தப் பயணத்தில் பேருந்துக்கும் பிரியாணிக்கும் நாற்காலிக்கும் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவையெல்லாம் விளையாட்டு. அந்தத் திட்டைக் கேட்டபோது வந்தது வேறு. ஒரு தங்கமான மனுஷியின் மேல், அவளுக்கு நல்லது நடந்த நேரத்தில், எனக்கு வெறுப்பே வந்தது. கொஞ்ச நேரம்தான். ஆனால் வந்தது.

மறுநாள் காலை அண்ணாச்சியின் வீட்டுக்குப் போனேன். கிடங்குத் துணியை எங்கள் நிறுவனத்தின் பெயரில் ஏற்றினால் அது எங்கே நெய்ததென்று எழுதுவேன், ஏற்றாவிட்டாலும் வேலைநிறுத்தத்தையும் எழுதுவேன், கழிப்பறை இல்லாததையும் எழுதுவேன், விலை போதாது என்று நீங்கள் மரத்தடியில் சொன்னதையும் எழுதுவேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"எழுதுங்க. ஒங்க எழுத்தால ஆர்டர் போச்சுன்னா எனக்கு மட்டும் போகாது. கோமதிக்கும் போவும், அவ தம்பிக்கும் போவும். அதையும் சேத்து எழுதுங்க."

அதுவும் நியாயம்தான். அதையும் சேர்த்து எழுதினேன். பேருந்து ஏற்றிவிட அவரே வந்தார், கிடங்குப் பொதிகளைத் தரகரிடமே திருப்பிவிட்டதாகச் சொன்னார். இந்தமுறை பலகையை வாசித்துவிட்டு ஏறச் சொன்னார்.

முகாமையாளர் அந்த அறிக்கையைத் தன் மேசையில் பல நாள் வைத்திருந்தார். வேலைநிறுத்தம் என்ற சொல்லை வெட்டித் தரும்படி இரண்டு தரம் கேட்டார். வெட்டவில்லை. கடைசியில் அது அப்படியே ஐரோப்பாவுக்குப் போனது. விலையைப் பற்றி நான் எழுதியதற்கு அங்கிருந்து ஒரு வரிகூடப் பதில் வரவில்லை. மற்றதற்கு வந்தது: சங்கம் இருப்பது நல்லது, பெண்களுக்குக் கழிப்பறை கட்டினால் வாங்கலாம். இதற்கிடையில் சங்கரன்கோவிலில் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. கேட்டதில் பாதிதான் கிடைத்ததாம். கோமதி தொலைபேசியில் சொன்னாள். தோற்றவள் மாதிரிப் பேசவில்லை, அடுத்தமுறை மீதியை வாங்குவோம் என்றாள். எங்கள் ஆர்டர், முதலில் பேசியதைவிடச் சின்னதாக, மாசிக்குப் பிறகு போனது. அதற்கு முன்னால் கோமதி ஒரு படம் அனுப்பியிருந்தாள். நீலச் சாயம் அடித்த புதுக் கதவு. கதவுக்கு முன்னால் தார் சுற்றும் பெண்கள் எல்லோரும் கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் போல வரிசையாக நின்றார்கள். கீழே, வயிறு நெறைய தண்ணி குடிக்கோம்க்கா என்று எழுதியிருந்தாள்.

படம் வந்த வாரம் எங்கள் ஊழியர் பேரவை கூடியது. குளிரூட்டிய அறை, எல்லோருக்கும் ஒரு பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல். சாப்பாட்டு மண்டபத்து மின்விளக்குகளைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, வேறு ஏதும் இருக்கிறதா என்று முகாமையாளர் கேட்டார். எல்லோரும் கதிரையைப் பின்னால் தள்ளத் தொடங்கினார்கள். நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினேன்.

இருக்கிறது என்றேன். இந்தப் பேரவைக்குத் தலைவரை நாங்களே தெரிவு செய்ய வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். வழக்கம்போலப் பாதியில் சொற்கள் காணாமற் போயின. நிறுத்தாமல் மீதியைத் தமிழில் சொல்லி முடித்தேன்.

முகாமையாளர் என்னையே பார்த்தார். தையல் பகுதியிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு சிங்களப் பிள்ளை, நான் தமிழில் சொன்னது விளங்காமல், பக்கத்தில் இருந்தவளின் காதில் கேட்டாள். அவள் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு அந்தப் பிள்ளை, கையில் இருந்த பிஸ்கட்டை மேசையில் வைத்துவிட்டு, கையை உயர்த்தினாள்.